ஓரத்து எழுத்தை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய குதிரைப்படை அதிகாரிகளின் ஓவியங்களைச் சேகரிப்போர் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவற்றை ‘ஆங்கிலேயர் வரைந்த படங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் குறிப்பிட்டிருப்பது சரியன்று.

ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் 1803-இல் திரட்டிய, கம்பெனி ஆட்சியின் அன்றைய எல்லைப்புறமான ஹான்சியில் தளம் கொண்டிருந்த மஞ்சள் அங்கிக் குதிரைப்படையையே எடுத்துக்கொள்வோம். அவர் தம் படையினரோடு தர்பார் நடத்தும் 1827-ஆம் ஆண்டு ஓவியம் இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தீட்டியவர் டெல்லி ஓவியர் குலாம் அலி கான். அதிகாரியின் முகத்துக்குக் காட்டிய அதே அக்கறையைச் சாதாரண சிப்பாயின் முகத்துக்கும் காட்டிய கலைமரபு அது.

ஸ்கின்னரின் நண்பர் வில்லியம் ஃப்ரேசருக்காக ஏறத்தாழ 1815 முதல் 1819 வரை டெல்லி ஓவியர்கள் வரைந்த தொகுப்பில், படைக்கு ஆளெடுக்கப்பட்ட ஐவர் வரிசையாக நிற்கும் தாள் ஒன்று உண்டு. உம்மி சந்த், இந்தர், குஜ்ஜர், பக்தாவர், ஜஹாஸ் என்று ஐவர் பெயரும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ பொறுப்பாக எழுதிவைத்ததுதான். 1979-இல் ஃப்ரேசர் குடும்பத்தின் பழைய தாள்களுக்கிடையே அகப்பட்ட அத்தொகுப்பு, மறு ஆண்டே ஏலத்தில் தாள் தாளாகப் பிரிந்து பல கைகளுக்குப் போய்விட்டது. ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வட்டாரமே கண்முன் விரியும். தனித்தனியே பார்த்தால் சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் குதிரைவீரன் படம் ஒன்றை வாங்கினேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வியாபாரி கீழ் விளிம்பை வெட்டியிருந்தார். ஓரத்தில் பாரசீக எழுத்து ஒன்றின் வால் மட்டும் மையில் வளைந்து நிற்கிறது. அந்த வீரன் யார் என்பது கத்தரியோடு போயிற்று. விலை குறைத்துத்தான் கொடுத்தார், என் வயிற்றெரிச்சல் மட்டும் குறையவில்லை.

ஆகவே, புதிதாகச் சேகரிக்க இறங்குவோர், வாங்குமுன் தாளின் பின்புறத்தையும் விளிம்பையும் பார்க்கட்டும். நூறாண்டு கடந்த ஓவியங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். அடுத்த இதழில் குலாம் அலி கானின் பெயரையாவது திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்