இட்லி சைக்கிளும் ஆறு நிமிட நடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவிட் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் விடாத களைப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் நடத்தப்படும் மறுவாழ்வு முகாம்கள் நல்ல பலன் தருவதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பலன் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

என் தம்பி தாராவியில் இட்லி வியாபாரி. விடியுமுன் அடுப்பு மூட்டி, ஆறரைக்கெல்லாம் சைக்கிள் கேரியரில் அலுமினிய டப்பாவைக் கட்டி, 'பாம் பாம்' என்று ஹார்னை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவான். 2021 ஏப்ரலில் கோவிட் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்தும் எங்கள் கோலியின் (ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மேல்தட்டுக்கு இரும்பு ஏணியில் ஏறும்போது நாலாவது படியிலேயே நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வான்.

ஏரியாவில் எட்டு வார இலவச முகாம் நடந்தது. சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி பெண் பொறுமைசாலி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளும் கடைசி நாளும் ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளந்தார்கள். தூரம் கூடியிருந்தது. ஃபாரத்தில் 'முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் தம்பி எழுந்தான். அதற்கு மறுநாள் எழவில்லை. அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. நாலு நாள் வியாபாரம் போச்சு. இதை எழுத அந்த ஃபாரத்தில் கட்டமே கிடையாது.

உழைத்த கையோடு ஒன்றும் தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்ப்பது இந்த நோயில் பலருக்கும் நடப்பதுதான். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறையே, அறிகுறிகள் கூடிக் குறையும், மறுபடி திரும்பும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் என்கிறது. அப்படியிருக்க, நடந்து முடித்த நிமிடத்தில் எடுத்த கணக்கு பாதிக் கணக்குதானே?

அப்புறம், வராமல் நின்றவர்கள். முதல் வாரம் பாய் போதவில்லை, கடைசி வாரம் பாதிப் பாய் சுருட்டியே கிடந்தது. பகல் பதினோரு மணிக்கு வைத்தால் தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? சிலர் உடம்பு மோசமாகி நின்றிருக்கலாம், சிலர் தேறிவிட்டதால் நின்றிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கடைசிவரை வந்தவர்களின் சராசரியைத்தான் பலன் என்கிறோம்.

பிரிட்டனில் 585 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் இணையவழிப் பயிற்சி தந்தார்கள். ஆனால் முக்கியமாக அளந்தது நடந்த தூரத்தை அல்ல, வாழ்க்கைத் தரத்தை. ஒரு வருடம் வரை விசாரித்தார்கள். வீடியோவில் பயிற்சி எங்கள் கோலிக்குச் சரிவராது, கையை நீட்டினால் சுவர் இடிக்கும். ஆனால் விசாரிப்பதற்கு இடம் தேவையில்லையே. மூன்றாம் நாள் ஒரு ஃபோன், ஆறாம் மாதம் ஒரு ஃபோன். ஏணி ஏற முடிகிறதா, வாரத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று தமிழிலோ இந்தியிலோ கேட்டால் போதும்.

இப்போது தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சைக்கிள் எடுக்கிறான். மற்ற நாட்களில் நான். முகாம் ஃபாரத்தில் அவன் ஃபோன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இதுவரை ஒரு அழைப்பும் வரவில்லை.

இப்படிக்கு,
தாராவி வாசகர்,
மும்பை – 17