அந்தச் சிகரெட்டை நீங்களாக அணைக்காதீர்கள்

வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் வாழ்ந்த பெண்களின் கதையைப் படமாக்கும்போது உங்களுக்கு இரண்டு காட்சிகள் எளிதில் கைவருகின்றன. கருவுற்ற செய்தி கேட்டதும் நாயகி சிகரெட்டை நசுக்கி அணைப்பது ஒன்று. வயிற்றுப்பிள்ளையோடு அவள் புகைப்பதைக் காட்டி, பொறுப்பற்ற தாய் என்று எங்களை முகம் சுளிக்க வைப்பது மற்றொன்று. இரண்டுமே இன்று நமக்குத் தெரிந்ததை அன்றைய பெண்ணின் தலையில் கட்டுபவை.

புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதைக் காட்டிய ஆய்வு 1957-இல் வெளிவந்தது உண்மைதான். ஆனால் புகையின் கேட்டை ஊரறியச் சொன்ன 1964-ஆம் ஆண்டு அரசு அறிக்கைகூட அந்த எடைக்குறைவைக் குறிப்பிட்டதோடு சரி, அதனால் குழந்தைக்குத் தீங்கு உண்டா என்பதில் முடிவுக்கு வரவில்லை. கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை சிகரெட் பெட்டியில் ஏறியது 1980-களின் நடுவில். மதுவின் கதை இன்னும் விசித்திரமானது. குறைமாதப் பிரசவ வலியை நிறுத்துவதற்காக 1960-களின் பிற்பகுதியில் மருத்துவர்களே கர்ப்பிணியின் நரம்பில், மதுவில் இருக்கும் எத்தனாலை ட்ரிப்ஸாக ஏற்றினார்கள். வலியோடு போதையும் வாந்தியும் சேர்ந்து அவதிப்பட்ட அந்தப் பெண்ணை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. வயிற்றிலிருக்கும் குழந்தையை மது பாதிக்கும் விதத்துக்கு மருத்துவம் பெயர் சூட்டியதே 1973-இல்தான்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடியைப் படமாக்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அவர் புகைப்பவர் என்பது பலரும் அறிந்ததே. 1963 ஆகஸ்டில் ஐந்து வாரங்களுக்கும் மேல் முன்னதாகப் பிறந்த அவர் மகன் பேட்ரிக், நுரையீரல் முதிராததால் ஏற்பட்ட மூச்சுத்திணறலில் இரண்டு நாள்கூட நிறைவதற்குள் இறந்தான். சாம்பல் கிண்ணத்தின் குளோசப்பையும் அந்தக் குழந்தையையும் அடுத்தடுத்து வைத்தால், யாரும் நிறுவாத ஒரு காரணத்தை உங்கள் படத்தொகுப்பு எழுதிவிடும்.

எனவே புகையை நீக்கவும் வேண்டாம், அதைக் குற்றச்சாட்டாக்கவும் வேண்டாம். எடை கூடிவிட்டது என்று அவளைக் கடிந்துகொண்டு, சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத அன்றைய மருத்துவரைக் காட்டுங்கள். எப்படியும் நம் நாட்டுத் திரையரங்கில் அக்காட்சியின் கீழே எச்சரிக்கை வாசகம் வரத்தான் போகிறது. அதைப் பாத்திரமும் சேர்ந்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்