செப்டம்பரில் உங்கள் சறுக்குப்பாதைகளைப் பாருங்கள்: ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு நிறுவனங்களுக்கும் ஊர் மன்றங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

ஜெர்மனியில் தொடங்கி ஆஸ்திரியாவைக் கடந்து இத்தாலியில் முடியும் பலநாள் மலையோட்டங்களுக்குப் பாதை வகுப்பவர்களும் அவற்றில் ஓடுபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஏழெட்டு நாளில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மொத்தம் 15,000 மீட்டர் ஏற்றம் என்பது இவ்வகை ஓட்டத்தின் வழக்கமான அளவு. அந்தத் தூரத்தில் கணிசமான பகுதி உங்கள் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. குளிர்காலத்தில் வருபவர்களுக்கு வெண்பனி மட்டுமே தெரியும். கோடையின் முடிவில் ஓடுபவர்களுக்கு அதன் அடியில் இருப்பது தெரியும். மண் உரிக்கப்பட்ட சரிவு, மழைநீர் அறுத்த பள்ளம், வரிசையாக நிற்கும் தண்ணீர்க் குழாய் முனைகள், கறுப்பு விரிப்பு போட்ட செயற்கை ஏரி, சறுக்குவோரை மேலே ஏற்றிய, யாரும் அகற்றாத பழைய கம்பிவட லிஃப்ட் தூண்களின் கான்கிரீட் அடித்தளம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறோம். அதிகச் சேதமும் அதற்குத்தான், பேச்சில் குறைவாக வருவதும் அதுதான். பாறையும் மேடும் துருத்தி நிற்கும் சரிவைப் புல்டோசரால் சமன் செய்துவிட்டால் மெல்லிய பனியிலேயே பாதையைத் திறந்துவிடலாம். உங்கள் கணக்கில் அது லாபம். ஆனால் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே மேல்மண் சில விரற்கடை தடிமன்தான். அங்கு வளரும் கேரெக்ஸ் கர்வுலா என்ற கோரைப்புல் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் பக்கவாட்டில் பரவுகிறது. அதன் ஒரே செடித்தொகுதி ஏறத்தாழ 2,000 ஆண்டு வயதுடையது என்று மரபணு ஆய்வில் தெரியவந்தது. அதை ஒரு பிற்பகலில் வழித்தெடுத்துவிட்டுப் பள்ளத்தாக்குப் புல்விதையைத் தூவினால் இரண்டு மூன்று கோடைகள் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் புல்லுக்கு உரம் வேண்டும். அந்த உயரத்தின் குறுகிய கோடையில் அதன் விதையும் முற்றாது. உரம் நின்றதும் அது மெலிந்து சாகிறது, சரிவு மறுபடி மொட்டையாகிறது. பிறகு ஒரு பெருமழை வந்தால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஓடி, கீழே இருக்கும் நடைபாதையையும் ஓடையையும் அரிக்கிறது.

இதற்கு மாற்று வழி தெரியாமல் இல்லை, உங்கள் பொறியாளர்களும் அதை அறிவார்கள். தோண்டும் முன் புல்தரையை வேர்மண்ணோடு கட்டிகளாக வெட்டி எடுக்க வேண்டும். உயரமாகக் குவிக்காமல் ஈரம் காயாமல் வைத்திருந்து, அதே பருவத்தில் திரும்பப் பதிக்க வேண்டும். இடைவெளிகளில் அதே உயரத்தில் சேகரித்த உள்ளூர்ச் செடிகளின் விதையைத் தூவி, வைக்கோல் அல்லது தென்னைநார் வலை போர்த்தி, சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலைத் தடுக்க வேண்டும். தரையில் குறைந்தது 70 சதவீதம் செடி மூடாதவரை அரிப்பு நிற்காது. சரிவின் குறுக்கே சாய்வாக வெட்டும் வடிகால்கள் செங்குத்தான இடத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் காணும் பல பாதைகளில் அவை வெகு தூரத்துக்கு ஒன்றாக, கல்லும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியோடு இருவர் போனால் முடியும் வேலை இது. இதைக்கூடச் செய்யாததற்குச் செலவைக் காரணம் காட்டுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, எந்திரத்தால் தெளித்து உறைய வைத்துச் செயற்கைப் பனியாக்கும் தண்ணீர். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. அடித்தளப் பனி போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும். ஒரு கன மீட்டர் நீரில் இரண்டு முதல் இரண்டரை கன மீட்டர் பனிதான் கிடைக்கும். ஆகவே ஹெக்டேருக்கு 12 முதல் 15 லட்சம் லிட்டர் நீர். காற்றில் ஆவியாவதும் அடித்துப் போவதும், பருவம் முழுக்க மேலே மேலே போடுவதும் இதில் சேரவில்லை. வெப்பமானியின் அளவு மட்டும் இங்கே போதாது, காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று நன்கு உலர்ந்திருந்தால் பூஜ்ஜியம் டிகிரியில்கூடப் பனி உருவாகும். ஈரம் மிகுந்தால் மைனஸ் ஒன்றிலும் உருவாகாது. அதனால் நவம்பரில் கிடைக்கும் சில குளிர்ந்த, உலர்ந்த இரவுகளிலேயே எல்லா எந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறீர்கள். உயர்மலை ஓடைகளில் நீர் குறையத் தொடங்கும் காலமும் அதுவே.

அந்தத் தேவைக்குத்தான் ஏரி வெட்டுகிறீர்கள். உயர்மலையில் ஏரி வெட்டத் தோதான சமதளம் பெரும்பாலும் சதுப்பாகவே இருக்கிறது. பிரான்சின் லா குளூசாவில் 1,48,000 கன மீட்டர் கொள்ளும் நீர்த்தேக்கத் திட்டத்தை 2022 அக்டோபரில் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செயற்கைப் பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, பின்னால்தான் உருகும். ஏற்கெனவே குறுகிய கோடையில் செடிகள் பூக்கும் நாட்கள் மேலும் குறைகின்றன. ஓடைநீரில் கரைந்துள்ள தாதுக்கள் சத்துக்குறைந்த மலைமண்ணில் சேர, அந்த மண்ணுக்கே உரிய செடிகள் விலகி வேறு செடிகள் நுழைகின்றன.

இத்தாலியச் சறுக்குப்பாதைகளில் பத்தில் ஒன்பது பங்கும், ஆஸ்திரியாவில் ஏறத்தாழ 70 சதவீதமும் இன்று செயற்கைப் பனியை நம்பியிருக்கின்றன. ஆல்ப்ஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சுமார் 2 டிகிரி வெப்பமாகிவிட்டது. இந்த நிலையில் தாழ்வான சரிவுகளை விட்டுப் பனியாறுகளை நோக்கி மேலேறுவதைத் தீர்வு என்று கருத முடியாது. ஆஸ்திரியாவின் பிட்ஸ்டால், எட்ஸ்டால் பனியாற்றுச் சறுக்குத்தலங்களை இணைக்கும் திட்டத்தை 2022 ஜூலையில் பிட்ஸ்டாலில் உள்ள சாங்க்ட் லியோன்ஹார்ட் ஊர் மக்களே மிகச் சிறிய வித்தியாசத்தில் வாக்களித்து நிராகரித்தார்கள். அந்த வருமானத்தில் வாழும் மக்கள் அவர்கள். 2023இல் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு மேலே தியோடுல் பனியாற்றில் உலகக்கோப்பைப் பந்தயத்துக்காக மண்வாரி எந்திரங்கள் இறங்கின. அனுமதித்த எல்லைக்கு வெளியே வேலை செய்யக் கூடாது என்று வாலே மாநில ஆணையம் தடுத்தது. கடைசியில் வானிலையால் அந்தப் பந்தயங்களும் நடக்கவில்லை.

லிஃப்ட் நின்றால் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்பது எங்களுக்குத் தெரியும். இருக்கும் பாதைகளை மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. புதிய சரிவில் கை வைக்காதீர்கள், ஏற்கெனவே உரித்த சரிவைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம். கைவிட்ட லிஃப்டை அகற்றும் செலவை, அனுமதி வாங்கும் நாளிலேயே வைப்புத்தொகையாகக் கட்டுங்கள். பிரான்சின் 2016 மலைச் சட்டம், அதன்பின் கட்டிய லிஃப்ட்களை நிரந்தரமாக நிறுத்திய மூன்று ஆண்டுகளுக்குள் அகற்றச் சொல்கிறது. மற்ற நாடுகளில் சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துக்கும் வருகிறோம். வண்டி போகும் சாலை உங்கள் லிஃப்ட் நிலையம்வரை இருப்பதால்தான் எங்கள் உணவு நிலையங்களையும் அங்கேயே வைக்கிறோம். நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நாளில் கொண்டையூசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்கினால் நாங்களே ஒரு புதிய நீர்ப்பள்ளத்தைத் தோண்டிவிடுகிறோம். ஆகவே இனி ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் நாடா கட்டி, குறுக்கே வெட்டுபவருக்கு நேரத் தண்டனை விதிப்போம். வழிக்குறிகளை முந்தின நாள்தான் வைப்போம், கடைசி ஓட்டக்காரரின் பின்னால் வருபவர் அன்றே அகற்றுவார். காகிதக் கோப்பை இல்லை, அவரவர் கோப்பையை அவரவரே சுமக்க வேண்டும். கருங்கோழிகள் (பிளாக் கிரவுஸ் என்ற காட்டுப்பறவைகள்) வாழும் மர எல்லைப் பகுதிகளில் விடியுமுன் தலைவிளக்கோடு ஓட விடமாட்டோம். ஒபர்ஸ்ட்டார்ஃப், கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷென் போன்ற, ரயில் போகும் ஊர்களிலிருந்தே புறப்படுவோம். இவ்வகைப் பயணத்தின் கரிமச் சுமையில் பெரும்பங்கு வந்துபோகும் வழியில்தான் இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கான பாதை உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன் உங்களிடமிருந்து மூன்று விவரங்கள் வேண்டும். இந்தக் கோடையில் எந்திரம் ஏறப்போகும் சரிவுகளின் வரைபடம், சென்ற குளிர்காலத்தில் எந்த ஓடையில் எந்த மாதம் எவ்வளவு நீர் எடுத்தீர்கள் என்ற கணக்கு, செடி மூடாத பழைய பாதைகளின் பட்டியல். புதிதாக உரித்த சரிவின் வழியாக எங்கள் ஓட்டம் போகாது. அதற்கு நீங்கள் தரும் விளம்பரப் பணத்தையும் வாங்க மாட்டோம். பழைய பாதையைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்றால், ஓட்டத்துக்கு மறுநாள் மண்வெட்டியோடு வரத் தயாராக இருக்கிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆல்ப்ஸில் பலநாள் மலையோட்டங்களுக்குப் பாதை வகுப்போரும் ஓடுவோரும்