ஏலக்காயும் கிராம்பும்

அன்புள்ள கண்ணம்மா,

ஜோடிகள் நீள வரிசையில் நின்று, சுற்றுக்கு ஓரிடம் நகர்ந்து புது ஜோடியோடு ஆடுகிற கான்ட்ராவில் நீ எழுதிய முதல் நடனம் வந்து சேர்ந்தது. அன்று இரவே சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்த்துவிட்டேன். முதல் ஜோடிக்கு இரண்டு ஏலக்காய், இரண்டாம் ஜோடிக்கு இரண்டு கிராம்பு. ஜோடியில் யார் லார்க் (இடப்பக்கம் நிற்பவர்), யார் ராபின் (வலப்பக்கம் நிற்பவர்) என்று குழம்பாமலிருக்க லார்க்குகளுக்கு மட்டும் குங்குமம் தொட்டு வைத்தேன். உப்பு ஜாடி இருக்கும் பக்கம் பேண்ட், அதுதான் வரிசையின் மேல்முனை.

ஆரம்பம் அருமை. நெய்பரோடு, அதாவது மற்ற ஜோடியில் நமக்கு எதிரே நிற்பவரோடு, பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஓர் அடி), ஸ்விங் (பிடித்துக்கொண்டு சுழல்வது). ஸ்விங் முடியும்போது ராபின் லார்க்குக்கு வலப்பக்கம் வரவேண்டும் என்பதால் இருவரும் இடம் மாறிவிடுகிறார்கள். 16 எண்ணிக்கைக்குள் ஏலக்காய் ஓரிடம் கீழே இறங்கி, கிராம்பு மேலே ஏறியாயிற்று. அப்புறம் நால்வரும் கை கோத்து இடப்பக்கம் முக்கால் வட்டம். பார்ட்னர்கள் ஒரே பக்கம் சேர்ந்து ஸ்விங் ஆடுகிறார்கள். ராபின்கள் செயினில், அதாவது நடுவில் ஒருவருக்கொருவர் வலக்கை கொடுத்துக் கடந்து, எதிர்ப்பக்கம் போய், செயினிலேயே திரும்பி வருகிறார்கள். மறுபடி முக்கால் வட்டம்.

இங்கே நிறுத்தி மேசையைப் பார். நால்வரும் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறார்கள். முதல் ஸ்விங்கில் கிடைத்ததைப் பின்னால் வந்த வட்டங்கள் திருப்பி வாங்கிக்கொண்டன. இது குறையில்லை. கடைசி 8 எண்ணிக்கையில் அதை ஈடுகட்டினால் போதும்.

நீ அங்கே பேலன்ஸும் கலிஃபோர்னியா ட்வர்லும் வைத்திருக்கிறாய். பார்ட்னர் கையைப் பிடித்துச் சுழன்றதும் எதிரே புது நெய்பர் முகம். சரியாக வந்துவிட்டது என்று நீ நினைத்ததில் வியப்பில்லை, முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேலும் கீழும் அடுத்த ஜோடிகளாக மிளகு வைத்து இரண்டாவது சுற்றையும் ஆடிய பிறகுதான் தெரிந்தது. ட்வர்ல் திசையைத்தான் மாற்றுகிறது, ஜோடி இருக்கும் இடத்தை மாற்றவில்லை. அதனால் இரண்டாம் சுற்று முடிந்ததும் மறுபடி பழைய நெய்பர் முன்னால் வந்து நிற்கிறோம். பாட்டு முடியும்வரை இந்த ஜோடி, அந்த ஜோடி என்று இரண்டே ஜோடிகளோடுதான் ஆட முடியும்.

ட்வர்லை எடுத்துவிடு. நால்வரும் கை கோத்து பேலன்ஸ், 4. பிறகு நெய்பரின் வலத்தோளைக் கடந்து நேரே நடப்பது, 4. ஒரு சுற்றுக்கு மொத்தம் அதே 64 எண்ணிக்கை. வரிசையின் கோடியில் வெளியேறும் ஜோடி திரும்பி, பக்கம் மாற்றிக்கொண்டு, ஒரு சுற்று காத்திருந்தால் சரியாக உள்ளே வருகிறார்கள். முதல் ஜோடியாகப் போனவர்கள் இரண்டாம் ஜோடியாகத் திரும்புகிறார்கள். அதையும் ஆடிப் பார்த்துவிட்டேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முன், மாசசூசெட்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக்காரம்மா என்னை கிரீன்ஃபீல்டில் இருக்கும் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் என்ற நடனக் கூடத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு அங்கே வேறு ஒருவரையும் தெரியாது. பேசவும் கூச்சம். ஆனால் அரை நிமிடத்துக்கொரு முறை ஒரு புது ஆள் என் எதிரே வந்து கை நீட்டினார். நான் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, நடனமே கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு தாத்தா, ஒரு பள்ளிக்கூடப் பையன், மரவேலை செய்கிற ஒரு பெண். அந்த வரிசை இரண்டு ஜோடிகளோடு நின்றிருந்தால் அடுத்த வாரம் நான் போயிருக்க மாட்டேன்.

உன் நடனத்துக்கும் அப்படி ஒருத்தி வருவாள்.

மேடையில் காலராக, அதாவது அசைவுகளைச் சொல்லி நடத்துபவராக, நின்று சொல்லிக்கொடுக்கும்போது வாக்த்ரூவை (இசையில்லாமல் நடந்து பார்ப்பதை) இரண்டு முறை நடத்து. இரண்டாவது முறை புது நெய்பரோடு தொடங்கட்டும், தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செயினை மட்டும் மாற்றிவிடாதே, பார்ட்னர் ஸ்விங்குக்கு அடுத்து அது வருவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நாலு பொருளை மேசையில் எடுத்து வைத்துக்கொள், சேர்ந்தே ஆடிப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா