ஸ்டேஷன் ரோட்டின் பதினொரு கம்பங்கள்

மதிப்பிற்குரிய எங்கள் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் காவல் ஆய்வாளர் அவர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நீங்கள் நடத்திய பெண்கள் பாதுகாப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். மூன்றாவது வரிசையில், கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான்தான். இரவில் என் செயினை அறுத்துக்கொண்டு போனதால்தான் அந்தக் கூட்டத்தைப் போட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டேஷன் ரோட்டில் ரைஸ்மில் மதிலை ஒட்டிய பதினொரு கம்பங்களில் பொங்கலிலிருந்து விளக்கு எரியவில்லை என்பதும் தெரியும். மனு கொடுத்த ரசீதுகள் மூன்று என் கைப்பையில் இருக்கின்றன.

"எப்போதும் விழிப்போடு இருங்கள், போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளுங்கள்" என்றீர்கள். பிடித்த கையை உதறுவது எப்படி என்று கராத்தே மாஸ்டர் மேடையில் செய்து காட்டினார். நல்ல விஷயம். என் மகளை அவரிடம் அனுப்பப் போகிறேன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை ஒருமுறை நீங்கள் கேட்க வேண்டும்.

இரவு 10.10 வண்டியில் இறங்கினேன். இருட்டில் என் கை எனக்கே தெரியவில்லை. சாக்கடை மேல் போட்ட சிலாப்புகளில் நான்கு உடைந்து கிடக்கின்றன, அதனால் போனில் டார்ச் போட்டு, கீழே பார்த்தபடிதான் அங்கே நடக்க முடியும். மகனுக்கும் போன் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் தினமும் அவனோடு பேசுவேன். எனக்கு ஏதாவது ஆனால் ஒரு ஆளுக்காவது தெரியட்டும் என்றுதான். நான்காவது சிலாப்பைத் தாண்டக் காலைத் தூக்கும்போது பின்னாலிருந்து ஹெட்லைட் போடாத பைக் வந்தது. செயின் அறுந்து போனது பிறகுதான் தெரிந்தது, முதலில் கழுத்து எரிந்தது. முட்டி சிலாப்பில் மோதி விழுந்தேன். போனில் மகன் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "போன் பேசிக்கிட்டே வந்தீங்களாம்மா?"

அய்யா, காலுக்குக் கீழே பள்ளத்தையும் முதுகுக்குப் பின்னால் பைக்கையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்கு இருப்பது இரண்டு கண்தான். போனை அணைத்தால் சாக்கடையில் விழுவேன், அணைக்காவிட்டால் கவனக்குறைவு என்கிறீர்கள். அந்த விளக்குகளை எரியவிடுங்கள். நான் போனைப் பையில் வைத்துவிடுகிறேன்.

இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கவனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எங்களுக்குப் பாடம். இன்சுலினோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோ போடுவதற்கு முன்னால் இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாக அளவைச் சரிபார்ப்போம். தவறிப் போட்டால் இதயத்தையே நிறுத்திவிடும் அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்கவே மாட்டோம். அந்த வார்டில் இருப்பவர்கள் யாரும் அசட்டையானவர்கள் இல்லை. எவ்வளவு நல்ல நர்ஸாக இருந்தாலும் எட்டாவது மணி நேரத்தில் கண் தவறும் என்று தெரிந்துதான் அப்படி ஒரு ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்தவர்கள் ஏன் கோட்டை விட்டார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1948இல் எழுதினார். உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு கடிகார முள்ளைப் பார்ப்பதுதான் அவர் கொடுத்த வேலை. அதிலேயே முதல் அரை மணிக்குள் கவனம் சரிந்துவிட்டது. ஷிஃப்ட் முடித்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்குகிறவளிடம் போய் எப்போதும் விழிப்போடு இரு என்றால் எப்படி?

தற்காப்பு உரிமையைப் பற்றியும் பேசினீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத் தருகின்றன என்பது உண்மைதான். அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை கிடையாது என்கிறது. அப்படியென்றால் முதலில் நீங்கள், நீங்கள் வந்து சேர முடியாத கடைசி நொடியில்தான் நான். மேடையில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொன்னீர்கள். அதுதான் என் வருத்தம்.

ஏதாவது நடக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு அறிவுரை கூடுகிறது. செயின் போடாதே, துப்பட்டாவை இழுத்து விடு, பெப்பர் ஸ்ப்ரே வாங்கு, தனியாக வராதே, எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போ. எட்டு மணிக்கு நான் போய்விட்டால் உங்கள் வீட்டு நோயாளிக்கு ஒன்பது மணி ஊசியை யார் போடுவது? எங்கள் தெரு பூக்காரம்மா கடைசி வண்டி வரைக்கும் ஸ்டேஷன் வாசலில் இருந்தாக வேண்டும். அறிவுரை சொல்லச் செலவில்லை, பல்பு மாற்றத்தான் டெண்டர் வேண்டும் போலிருக்கிறது. புதுப் பூங்காவின் நீரூற்றுக்கு வண்ண விளக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நீங்கள் திறந்து வைத்தபோது நானும் நின்று பார்த்தேன்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். பறிபோன செயினுக்காக இதை எழுதவில்லை. அந்தப் பதினொரு விளக்குகளையும் எரியவிடுங்கள். உடைந்த நான்கு சிலாப்புகளை மாற்றுங்கள். கடைசி இரண்டு வண்டிகள் வந்து நிற்கும் நேரத்தில் ரைஸ்மில் முனையில் ஒரு காவலரை நிற்க வையுங்கள். இவ்வளவுதான், பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரமும் எனக்கு மாலை ஷிஃப்ட்தான். 10.10 வண்டியில் இறங்குவேன்.

இப்படிக்கு,
ஸ்டேஷன் ரோட்டில் தினமும் நடக்கும் ஒரு செவிலியர்