கொள்ளளவு போதாது, எடையையும் உயரத்தையும் எழுதிக் கொடுங்கள்

வாடகைக்கு வேன் விடும் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், சாவியை எடுத்துக் கொடுக்கும் கவுன்ட்டர் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

வீடு மாற்ற வேன் கேட்டு வருபவரிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ரூம் வீடு?" ஒரு ரூம் என்றால் சின்ன வேன், இரண்டு என்றால் நீள வேன், மூன்று என்றால் பெட்டி கட்டிய வண்டி. அத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ரூம் கணக்கு சாமான் அடைக்கும் இடத்தை மட்டும்தான் சொல்லும். ஓட்டுபவரை நடுவழியில் மாட்டிவிடுவது எடையும் உயரமும் நேரமும். இந்த மூன்றைப் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருப்பது "மீறினால் வாடிக்கையாளரே பொறுப்பு" என்ற ஒரே வரி. பொறுப்பை ஏற்கிறோம். எதற்குப் பொறுப்பு என்பதை எண்ணில் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எடையிலிருந்து தொடங்குவோம். 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் கார் ஓட்டுநர் உரிமத்துக்கு 3,500 கிலோ மொத்த எடையை வரம்பாக வைத்தது. பல நாடுகளில் அதுவே இன்றும் எல்லை என்பதால் சாதாரண உரிமத்தில் ஓட்ட விடும் வேன்கள் பெரும்பாலும் அந்த 3,500-க்குள் பதிவானவை. வண்டியின் சொந்த எடை, டீசல், ஓட்டுபவர், பக்கத்தில் உட்கார்ந்து வரும் இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். நீள வேன் ஒன்று காலியாகவே 2,000 முதல் 2,300 கிலோ இருக்கும். மூன்று ஆட்களுக்கு 225 கிலோவைக் கழித்தால் சாமானுக்கு ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் மிஞ்சும்.

பெட்டி கட்டிய வண்டியில்தான் ஏமாற்றமே. உள்ளே 18 முதல் 20 கன மீட்டர் இடம் இருப்பதைப் பார்த்து, பெரிய வண்டி, நிறையத் தாங்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பெட்டியும் பின்னால் உள்ள லிஃப்ட்டும் தாமே நூற்றுக்கணக்கான கிலோ. அதனால் நீள வேனைவிடக் குறைந்த எடையைத்தான் அது ஏற்ற முடியும். ஆட்களைக் கழித்த பிறகு சாமானுக்கு 600, 700 கிலோ மட்டுமே மிஞ்சும் வண்டிகள் உண்டு. புத்தகம் நிரப்பிய ஓர் அட்டைப்பெட்டி 20 கிலோவுக்குக் குறையாது. அப்படி 30 பெட்டி ஏற்றினால் 600 கிலோ ஆகிவிடும், வண்டிக்குள் முக்கால்வாசி இடம் இன்னும் காலியாகக் கிடக்கும். இடம் இருக்கிறதே என்று அதற்குமேல் பீரோவையும் கட்டிலையும் ஏற்றுபவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடம் யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லையே.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் எடை மீறிப்போவதுண்டு. அச்சுக்குத் தனி வரம்பு கதவோரத்து உலோகத் தகட்டில் அடித்திருக்கும். பின்சக்கரங்களுக்கும் பின்னால் வாஷிங் மெஷினை வைத்தால் அதன் முழு எடையோடு, முன்புறத்திலிருந்து தூக்கப்பட்ட எடையும் சேர்ந்து பின் அச்சில் இறங்கும். முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் மிதக்கும், முன்சக்கர இழுவை உள்ள வண்டி ஈர மேட்டில் வழுக்கும். கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்று என்பது பழகிய யோசனை. அதற்கும் முந்தியது, கனமானது எதுவோ அது ஓட்டுநர் அறைத் தடுப்பை ஒட்டி, தரையில், இடைவெளி விடாமல் இருக்க வேண்டும் என்பது. லிஃப்ட் உள்ள வண்டியில் கனமான பொருள் வழக்கமாகக் கடைசியாக ஏறுவதால் கதவோரமே தங்கிவிடுகிறது. அதை முதலில் ஏற்றச் சொல்லுங்கள்.

கட்டும் பெல்ட்டை "கூடுதல் வசதி" என்று தனிக் கட்டணத்தில் வைத்திருக்கிறீர்கள். அது வண்டியோடு வர வேண்டியது. சுமை கட்டுவதற்கான ஐரோப்பிய அளவுகோல் இஎன் 12195-1, வண்டி பிரேக் போடும்போது சுமையின் எடையில் 80 சதவீத விசையை முன்புறமாகவும், பக்கவாட்டிலும் பின்புறமாகவும் 50 சதவீதத்தையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 70 கிலோ வாஷிங் மெஷின் என்றால் 56 கிலோ எடைக்குச் சமமான விசை உங்கள் முதுகுப் பக்கம் தள்ளும். பிளாஸ்டிக் கயிறு முதல் திருப்பத்திலேயே தளர்ந்துவிடும், அது வேலைக்கு ஆகாது. ராட்செட் (இழுத்து இறுக்கும் பிடி) உள்ள பெல்ட் குறைந்தது நான்கு, விளிம்பில் நூல் பிரியாதவையாக, எண் போட்ட லேபிள் கிழியாதவையாகக் கொடுங்கள். தரை வளையங்களை அழுக்கும் துருவும் மூடியிருந்தால் சுத்தம் செய்யுங்கள். வளையம் இருப்பது தெரியாமல் பெல்ட்டைப் பக்கவாட்டு ஒட்டுப்பலகையில் மாட்டுகிறார்கள், பலகை பிய்ந்துகொண்டு வருகிறது, பிறகு அதற்கும் எங்களிடமே பணம் கேட்கிறீர்கள்.

உயரத்துக்கு வருவோம். உயரக் கூரை வேன் 2.5 முதல் 2.8 மீட்டர் வரை, பெட்டி வண்டி 3 மீட்டருக்கு மேல். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் வாசல் கம்பி பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தினமும் கார் ஓட்டுபவருக்குத் தலைக்கு மேலே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே வராது. ஓட்டுநர் அறைக்கு மேலேயும் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி என்றால், ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்தால் அது கண்ணிலேயே படாது. மொபைலில் வழி காட்டும் செயலி காருக்கான வழியைத்தான் வழக்கமாகக் காட்டும், தாழ்ந்த பாலம் அதற்குப் பொருட்டில்லை. ஸ்டிக்கர் ஒன்று போதும்: வண்டியின் உயரம், மீட்டரிலும் அடியிலும், ஓட்டுபவரின் கண் மட்டத்தில், வெயில் தடுப்பு மடக்கின் மேல். சாவிக் கொத்திலும் அதே எண். இந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, கூரைச் சேதம் காப்பீட்டில் அடங்காது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது நியாயமா?

காப்பீட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டும். கூடுதல் பணம் கட்டி "முழுப் பாதுகாப்பு" வாங்கினவருக்கு, அதில் கூரை, அடிப்பகுதி, டயர், கண்ணாடி ஆகியவை சேராது என்பது பல ஒப்பந்தங்களில் சேதம் நடந்த பிறகே தெரிகிறது. நெரிசலான தெருக்களில் வேன் அடிபடுவதே இந்த நான்கு இடங்களில்தான். நீள வேனில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 3.5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கார்போலவே தெருமுனையில் திருப்பினால் பின்சக்கரம் குறுக்கே வெட்டி, நடைபாதை விளிம்பில் ஏறி, டயரின் பக்கச் சுவரைக் கீறும். முன்பக்கம் தெருவுக்குள் நன்றாக நுழைந்த பிறகுதான் ஒடிக்க வேண்டும். அதேநேரம் பின்பக்க நீட்சி எதிர்ப்புறமாக வீசி, நிற்கும் காரைத் தட்டும். உள்ளே ரியர்வியூ கண்ணாடி இருந்தும் பயன் இல்லை, பார்ப்பதற்குத் தடுப்புச் சுவர்தான். பக்கக் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதியில் உள்ள குவிந்த கண்ணாடியைச் சரிசெய்யக் காட்டிக் கொடுங்கள், அதில்தான் பின்சக்கரம் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்பதும், அவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே வண்டியை நிறுத்துவதும் நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய விஷயம்.

டயர்க் காற்று பற்றி ஒரு கேள்வி. காலி வண்டிக்கான அழுத்தத்தில் கொடுக்கிறீர்களா, சுமைக்கான அழுத்தத்திலா? கதவோர ஸ்டிக்கரில் இரண்டுக்கும் தனித்தனி எண் இருந்தால், வீடு மாற்றப் போகிறவருக்குச் சுமைக்கானதைத்தான் நிரப்ப வேண்டும். காற்று குறைந்த பின்டயர் சுமையில் சூடேறிப் பக்கச் சுவரில் வெடிக்கும். அதுவும் "டயர்", அதுவும் காப்பீட்டில் வராது.

டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி உள்ள வண்டிகளில் ஆட்ப்ளூ நிரப்புவார்கள். டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் 32.5 சதவீத யூரியா கரைசல் அது. டீசல் தொட்டியில் அதைத் தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது, சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பக்கூடாது. பம்ப் இழுத்துக்கொண்டால் யூரியாப் படிகம் ஊசித் துவாரங்கள்வரை போய், மொத்த எரிபொருள் அமைப்பையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். நிரப்பும் துளைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும். எந்த விளக்கு எரிந்தால் யார் நிரப்ப வேண்டும், நீங்களா நாங்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

புகை கட்டுப்பாட்டு மண்டலமும் நெரிசல் கட்டணமும் உள்ள நகரங்களில் கேமரா வண்டி எண்ணைத்தான் படிக்கும், நோட்டீஸ் உரிமையாளரான உங்களுக்குத்தான் வரும். வாரக்கணக்கில் கழித்து, அதனுடன் உங்கள் "நிர்வாகக் கட்டணம்" சேர்ந்து எங்களிடம் வந்து நிற்கிறது. அந்த வண்டி எந்த மண்டலத்துக்குள் நுழையலாம், எங்கே பணம் கட்ட வேண்டும் என்பது சாவி கொடுக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த விவரம்.

வண்டியைப் பார்த்து வாங்கும் இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். நான்கு மூலைகள், கூரையின் முன் விளிம்பு, நான்கு டயர்களின் வெளிச்சுவர், முன்கண்ணாடி, சாமான் பகுதியின் உட்சுவர், எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை நாங்கள் படமெடுக்கும்வரை உங்கள் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். கூரையைப் பார்க்க ஏணி வேண்டும், அதை நீங்கள் வைத்திருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும்போதும் இதே படங்கள், இதே வரிசையில்.

நேரம்தான் மிச்சம். அரைநாள் வாடகை மாலை நெரிசல் உச்சத்தில் முடிகிற மாதிரி அமைத்திருக்கிறீர்கள். கூட ஒருவர் இருந்தாலும் ஒரு சின்ன வீட்டுச் சாமானை ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க ஒன்றரை, லிஃப்ட் இல்லாத மாடி என்றால் அதற்கும் மேல். தோளும் இடுப்பும் ஓய்ந்துபோன ஒருவர், தாமதக் கட்டணத்துக்குப் பயந்து, காலி வண்டியை விரட்டிக்கொண்டு உங்களிடம் வருகிறார். காலி வேன் சுமையோடு ஓடியதுபோல் ஓடாது. பின்பக்கம் துள்ளும், பிரேக் சட்டென்று பிடிக்கும், பாலத்தின் மேல் பக்கக்காற்று பெட்டியைத் தள்ளும். நெரிசல் அடங்கும்வரை இரண்டு மணி நேரம் சலுகை கொடுங்கள், அல்லது சாவி போடும் பெட்டி ஒன்றை வாசலில் வைத்து மறுநாள் காலை வண்டியைப் பாருங்கள். அந்த இரவில் எப்படியும் வேறு யாருக்கும் அந்த வண்டி போகப்போவதில்லை.

இப்படிக்கு,
வாடகை வேன் எடுத்து வீடு மாற்றும் ஓட்டுநர்களும் சுமை ஏற்றுபவர்களும்