செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் குடியிருப்போர் சங்கத்தில் 118 வீடுகள். இன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் 27 பேர். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராததால் அரை மணி நேரம் காத்திருந்து, விதிப்படி கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம்.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வார மனு கொடுத்ததில் இரண்டு தெருவில் வேலை முடிந்தது. செயற்குழு ஒன்பது முறை கூடியது.

இனி மூன்றாவது தெருத் திருட்டைப் பற்றி. அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பம் அது. நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத்தான் போன் செய்தார். போய்ப் பார்த்தால், பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டியது பூட்டியபடியே தொங்குகிறது. பூட்டை மாட்டும் நாதாங்கியைத்தான் கம்பி விட்டு நெம்பியிருக்கிறார்கள். தரையில் கிடந்த நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் அரை அங்குலம் இருந்தால் அதிகம். அவ்வளவு பெரிய பூட்டைத் தாங்கியது அவைதான். கேட்டுக்குள் மூன்று நாள் பேப்பர் கிடந்தது. வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. மார்கழி மாதம், தெரு முழுக்கக் கோலம், அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பீரோ சாவி பீரோ மேலேயே இருந்திருக்கிறது. வீட்டில் திருடியதற்கும் வீடு புகுந்ததற்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305, 331 பிரிவுகளில் வழக்குப் பதிவானது. 11 பவுன் இன்னும் கிடைக்கவில்லை.

ஊருக்குப் போகும்முன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்து போகிறவர்கள் பூட்டிய வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பலமுறை போட்டேன். எழுதிக் கொடுத்தது ஆறு வீடுதான்.

அந்தத் தெரு முனையில் கேமரா இருந்ததே என்று கேட்கிறீர்கள். இருந்தது, ஓடவும் செய்தது. இரவு 2 மணிக்கு மேல் இரண்டு பேர் நடந்து போவது பதிவில் இருக்கிறது. முகம்தான் தெரியவில்லை. இரவில் கேமரா தன்னுடைய அகச்சிவப்பு வெளிச்சத்தில்தான் பார்க்கும். அதைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டிவிட்டால் படம் முழுக்க வெள்ளைப் புகைதான். வலையைத் துடைக்க மாதம் ஒருமுறை ஆள் வந்துகொண்டிருந்தார், 600 ரூபாய். ஆகஸ்டுக்குப் பிறகு அவருக்குக் கொடுக்கச் சங்கத்தில் பணம் இல்லை. காரணம், 51 வீட்டின் சந்தா பாக்கி. வாடகைக்கு இருப்பவரைக் கேட்டால் உரிமையாளரைக் கேளுங்கள் என்கிறார். உரிமையாளரோ, குடியிருப்பவர்தானே கொடுக்க வேண்டும் என்கிறார். போனையே எடுக்காதவர்களும் உண்டு. மாதம் 150 ரூபாய்க்கு இத்தனை நடை நடந்தேன்.

கேமராவே வீண் செலவு என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. நாம் தாமதமாகத்தான் வைத்தோம். இரண்டாவது தெருவில் பைக் காணாமல் போனபோது, துடைத்து வைத்திருந்த கேமராவில்தான் வந்தவர்களின் வண்டி எண் கிடைத்தது. அப்புறம், வீட்டுக்குச் சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவர்கள் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டும் ஏறக்குறைய சமம். கேமராவுக்காக வைப்புநிதியிலிருந்து எடுத்ததில் ஒரு பகுதியை இன்னும் திருப்பி வைக்கவில்லை. தணிக்கை முடிந்துவிட்டது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகம், காவல்துறையினர் அனைவருக்கும் நன்றி.

மூன்று வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். முழங்கால் வலியோடு படியேறிப் படியேறிச் சந்தா கேட்க இனி என்னால் முடியாது. இளையவர் யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். யாரும் வரவில்லையென்றால் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன். ஆனால் தெருவுக்கு ஒருவராவது என்னோடு வர வேண்டும்.

மே விடுமுறை வருகிறது. காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய கடிதத்தை 50 பிரதி எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, போகும் நாள், திரும்பும் நாள் மட்டும் எழுதினால் போதும். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்